தராசு சொன்னது

எங்கள் அறை வாசலில் 'மரபணு ஆலோசகர்' என்று பலகை தொங்கும். உள்ளே போனால் ஆலோசனை மட்டும் கிடைக்காது. பதினொரு வருஷம் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். ஆலோசகர் பேசுவார், விளக்குவார், படம் போட்டுக் காட்டுவார், ஒரே கேள்வியை ஏழு தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். "அப்ப நாங்க என்னதான் செய்யறது?" என்று கேட்டுவிட்டால் மட்டும் கதவு சாத்திக்கொள்ளும். "உங்களுக்கு எது முக்கியம்னு கொஞ்சம் பேசலாமா?" என்பார். வந்தவர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் பேனாவைப் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குத் தராசு என்று பெயர். ஸ்கேன் அறைக்காரர் வைத்தது. முதுகுக்குப் பின்னால் சொல்வதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குத் தெரிந்தே இருந்தது. "தராசுன்னா பரவாயில்ல. எடைக்கல்லுன்னு வெச்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்?" என்று ஒருநாள் படிக்கட்டில் என்னிடம் சொன்னார். அவர் லிப்டில் ஏறமாட்டார். பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்காகவே காத்திருக்கிறவர்களோடு ஒரே பெட்டிக்குள் நிற்க வேண்டிவரும், மூன்று மாடிக்குள் முகத்தைப் படித்துவிடுவார்கள் என்பார்.

ஐம்பத்து மூன்று வயது. ஒல்லி. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஐந்து வயதுப் பிள்ளையையும் 'நீங்க' என்றுதான் அழைப்பார். வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் இல்லை. ஏன் இல்லை என்று வேறு யாரும் கேட்டதில்லை; எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, கேட்டேன். "ஒரு காரணம் இருந்தது. அது எங்க ரெண்டு பேரோட காரணம்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதற்குமேல் கேட்க எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. முன்பு ஏதோ சாமான் போட்டுவைத்த அறை. மேசை, நாலு நாற்காலி, மூலையில் என் சின்ன மேசை. கண் துடைக்கும் காகிதப் பெட்டி இழுப்பறைக்குள் இருக்கும். மேசைமேல் வைத்தால், உள்ளே வரும்போதே கெட்ட சேதி என்று முடிவு கட்டிவிடுவார்களாம். 'நல்ல சேதி' என்ற வார்த்தையும் அந்த அறையில் கிடையாது. நமக்கு நல்லது அவர்களுக்கு நல்லதா என்று நமக்கு எப்படித் தெரியும் என்பார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கடிதம்தான் என் உயிரை வாங்கும். வந்தவர்கள் போனபின் நடந்ததையெல்லாம் கடிதமாக எழுதி அவர்களுக்கு அனுப்ப வேண்டும். தட்டச்சு என் வேலை. குழந்தையைப் பெற்றுக்கொள்வது ஒரு பத்தி, கருவைக் கலைப்பது ஒரு பத்தி. இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒற்றைப்படைத் தேதி என்றால் பெற்றுக்கொள்வது முதலில், இரட்டைப்படை என்றால் கலைப்பது முதலில். ஸ்கேலை வைத்து அளப்பார். "இதுல ஏழு வரி இருக்கு, அதுல ஆறே முக்கால். சரி பண்ணுங்க." முக்கால் வரிக்காக நான் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்த நாள் உண்டு.

"இதை யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"பயந்துபோனவங்க எண்ணுவாங்க" என்றார்.

மதில்மேல் பூனையாவது ஒருநாள் ஏதாவது ஒரு பக்கம் குதிக்கும். இந்தம்மா குதிக்கவே மாட்டார் என்று வீட்டில் போய்ப் புலம்புவேன். எனக்கு இந்த ரெண்டுங்கெட்டான் பேச்செல்லாம் ஒத்துவராது. வழி கேட்டால் வழி சொல்ல வேண்டும். பாதி ராத்திரியில் பஸ் ஏறி, ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வருகிறவர்களிடம் அதை நீட்டி முழக்கித் திருப்பிக் கொடுப்பதற்குப் படிப்பு எதற்கு, பட்டம் எதற்கு என்று நினைப்பேன். தையல்காரி வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளை முன்பே தெரியும். வீட்டில் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். ஆறு வயதில் ஒரு பெண். தசைகள் நாளுக்கு நாள் வலுவிழக்கிற நோய். அந்தப் பிள்ளையால் தானாக உட்கார முடியாது, சளியைக்கூட முழுசாக இருமித் துப்ப முடியாது. நுரையீரலைச் சோதிக்க மாதம் ஒருமுறை கீழ்த்தளத்துக்கு வருவார்கள். பிள்ளையின் தலை எப்போதும் அம்மாவின் தோளில்தான் இருக்கும். வாய் மட்டும் ஓயாது. என்னைப் பார்த்தால், "டைப் அடிக்கிற அத்தை, உங்க மிஷின் பெருசா, எங்கம்மா மிஷின் பெருசா?" என்று வம்புக்கு இழுக்கும்.

தையல்காரி இரண்டாவது முறை கர்ப்பமானாள். அவளை எங்கள் அறைக்கு அனுப்பினார்கள். புருஷன் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், இரண்டு மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவரை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். தராசு அவளிடமிருந்தே நாலு பொத்தான் வாங்கினார். மூன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குள்ளும் வெளியே தெரியாமல் இந்தக் குறை இருப்பதால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்று விளக்கினார்.

போனில் புருஷன் சொன்னார்: "அந்த ஒண்ணுதான் பாப்பாவுக்கு வந்துடுச்சே. இனிமே மூணும் நல்லதுதானே?"

"இல்லைங்க. எடுத்த பொத்தானைத் திரும்ப டப்பாவுலயே போட்டுடணும். ஒவ்வொரு தடவையும் நாலுதான்" என்று தராசு ஆரம்பித்தார். லாரி ஏதோ மலைப்பாதையில் இருந்தது. லைன் அறுந்துவிட்டது. அந்த மனுஷர் மூன்று வெள்ளைப் பொத்தானோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கருவைச் சோதித்த முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. இந்தப் பிள்ளைக்கும் அதே நோய். கலைப்பதென்றால் சட்டம் அனுமதிக்கிற வாரக்கணக்கு முடிய இன்னும் பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளில் அவள் நாலு தடவை எங்கள் அறைக்கு வந்தாள்.

முதல் தடவை அழுதாள். இரண்டாவது தடவை கேள்வி கேட்டாள். மூன்றாவது தடவை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா. நான் அதையே செஞ்சுடறேன். பெத்துக்கோன்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி."

"இது நான் சொல்ற விஷயம் இல்லைங்க."

"உங்க பொண்ணா இருந்தா?"

"என் பொண்ணா இருந்தாலும், தினமும் தூக்கிச் சுமக்கப்போறது நான் இல்லையே."

அவள் பிள்ளையின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "வீட்டுக்காரரைக் கேட்டா, நான் வந்து பேசிக்கலாம்ங்கறார். மாமியாரைக் கேட்டா, வர்றதை வேண்டாம்னு சொல்ல நீ யாருங்கறாங்க. டாக்டரைக் கேட்டா உங்ககிட்ட அனுப்பறார். நீங்க திரும்ப என்கிட்டயே அனுப்பறீங்க. நான் யார்கிட்டதாம்மா போறது?"

தராசு அசையவில்லை. "இந்தப் பிள்ளையைப் பெத்துக்கிட்டா உங்க நாள் எப்படி இருக்கும்னு சொல்லுங்க. பெத்துக்கலைன்னா எப்படி இருக்கும்னும் சொல்லுங்க. நான் கேக்கறேன்" என்றார்.

"ஒரு பிள்ளையைத் தூக்கவே எனக்கு இருக்கறது ஒரு இடுப்பு. ரெண்டை நான் ஒருத்தியாத் தூக்க முடியாது. அதுக்காக வேண்டாம்னு சொல்லிட்டா, நாளைக்கு இவ வளந்து, 'அப்ப என்னையும் வேண்டாம்னுதானேம்மா நினைச்சே'ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அதை அப்படியே குறிப்பில் எழுதினேன். இதற்கும் தராசு, "அந்தக் கேள்வி உங்களை ரொம்ப வருத்துது" என்று மட்டும் சொன்னார். ஒரு மனுஷி முட்டுச்சந்தில் நின்று சுவரில் மோதிக்கொண்டிருக்கிறாள், இவர் சுவரின் உயரத்தை அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.

அவள் எழுந்து போனதும் நானும் பின்னாலேயே போனேன். இந்தம்மா சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன், வேலை போனால் போகட்டும் என்று வேகமாகத்தான் போனேன். நடைபாதையில் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றாள்.

வாயைத் திறந்தேன். பிள்ளை அவள் தோளில் கண்ணை விழித்து என்னைப் பார்த்துச் சிரித்தது. ஊருக்கெல்லாம் வழி சொல்கிற வாய், அப்படியே ஒட்டிக்கொண்டது. "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன். குழாய்ப் பக்கத்தில் நிற்கிறவளிடம்.

பதினேழாம் நாள் போன் செய்தாள். புருஷன், "நாளன்னிக்கு வந்துடறேன், அதுவரைக்கும் ஒண்ணும் செய்யாதே" என்று சொல்லியிருந்தார். அவர் வருவதாகச் சொன்ன நாள்தான் கடைசி நாள். அன்றைக்குக் காலையில் அவளும் பெட்டியோடு வந்து காத்திருந்தாள். மதியம்வரை காத்திருந்தாள். எல்லைச் சாவடியில் சரக்கை இறக்கி ஏற்றச் சொல்லி லாரியை நிறுத்திவைத்துவிட்டார்களாம். நாலாவது தடவையாக எங்கள் அறைக்கு வந்தாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. "நான் கையெழுத்துப் போடப்போறேம்மா" என்றாள். தராசு எழுந்து, பிரசவப் பகுதி வரைக்கும் அவள்கூட நடந்து போனார். சாயங்காலம்வரை அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் கழித்து லாரிக்காரர் எழுத்தில் ஒரு புகார் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் மாமியார், "யாரைக் கேட்டுச் செஞ்சே?" என்று கேட்டபோது தையல்காரியின் வாயிலிருந்து வந்துவிட்டது: "அந்த ஆலோசனை அம்மாதான் செய்யச் சொன்னாங்க."

எங்கள் துறையில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள். ஒரு பெண்ணை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளியது உறுதியானால், அதற்கப்புறம் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

தலைமை டாக்டர் அறையில் விசாரணை. லாரிக்காரர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "நான் வர்றதுக்குள்ள என் பிள்ளையை இல்லாம பண்ணிட்டாங்க. நாலுல மூணு நல்லதுன்னு இவங்கதான் சொன்னாங்க. அப்புறம் இவங்களே கலைக்கச் சொன்னாங்க" என்றார். பக்கத்தில் தையல்காரி. தலை நிமிரவே இல்லை.

தலைமை டாக்டர் கடிதத்தின் நகலை மேசைமேல் வைத்திருந்தார். தராசைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. "இங்க பாருங்க, ரெண்டு பக்கமும் சமமா எழுதியிருக்காங்க. ஒரு வரி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எங்கயும் செய்னு சொல்லல." பிறகு தையல்காரியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவங்க உண்மையிலேயே அப்படிச் சொன்னாங்களா?"

புருஷனும் அவள் பக்கம் திரும்பினார். சந்தேகத்தோடு இல்லை, அவள் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்ற பயத்தோடு. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. இல்லை என்று சொன்னால், தானாக முடிவெடுத்தவள், அதைப் பொய்யால் மூடியவள் என்று ஆகிவிடும். அந்த வீட்டுக்குத்தான் அவள் திரும்பிப் போக வேண்டும். அங்கேதான் தினமும் அந்தப் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும்.

"நான்தான் சொன்னேன்" என்றார் தராசு.

தலைமை டாக்டருக்குக் காதில் விழவில்லையோ என்னவோ, "என்ன?" என்றார்.

"கடிதத்துல எழுதல. வாயால சொன்னேன். ரெண்டு பிள்ளையை உங்களால ஒருத்தியாத் தூக்க முடியாது, கலைச்சுடறதுதான் நல்லதுன்னு சொன்னேன். இவங்க கலைக்க வேண்டாம்னுதான் இருந்தாங்க. நான்தான் வற்புறுத்தினேன்."

தையல்காரி தலையை நிமிர்த்தினாள். தலைமை டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க அறையிலதானே இருந்தீங்க. இவங்க இப்படிச் சொன்னாங்களா?"

நான் தராசின் முகத்தைப் பார்த்தேன். பதினொரு வருஷமாக அந்த முகத்தைப் பக்கவாட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை அதில். ஒரு கண்சிமிட்டல், ஒரு தலையசைப்பு, 'உண்மையைச் சொல்லிடு' என்றோ 'காட்டிக் கொடுத்துடாதே' என்றோ ஒரு சின்னக் குறிப்பு போதும் எனக்கு. கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இவருடைய இருபத்து நாலு வருஷ வேலை தப்பிக்கும், அந்தப் பெண் போய்விடுவாள். பொய்யைச் சொன்னால் அவள் தப்பிப்பாள், இவர் போய்விடுவார். முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது. பாவி, எனக்காவது சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். எத்தனை பேர் இப்படிக் கெஞ்சியிருப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"சொன்னாங்க" என்றேன்.

"உங்க குறிப்புல இல்லையே?"

"எழுதினா அவங்களுக்குப் பிரச்சனை வரும்னு எழுதல."

லாரிக்காரர் ரொம்ப நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அதான்" என்றார். பிறகு பெண்டாட்டியின் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "வா, பாப்பா தேடும்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள்.

எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. தராசைப் பின்கட்டிடத்தில் பழைய கோப்புகள் வைக்கிற அறைக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேதான். ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வருஷ வாரியாகக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெரியவர் சின்னவர் பார்க்காமல் திட்டித் தீர்த்தேன். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, சொல்லாததைச் சொன்னதாக ஒப்புக்கொண்டு, கூட இருந்தவளையும் பொய்க்காரி ஆக்கி, இதெல்லாம் என்ன நியாயம் என்று கேட்டேன்.

அவர் துணியை அவிழ்த்தார். "சொல்லாததுதான் சரி. இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன். அவங்க முடிவை அவங்கதான் எடுத்தாங்க, நல்லாத்தான் எடுத்தாங்க" என்றார். துணியை மடித்துக்கொண்டே, "ஆனா அதை அவங்களால தூக்கிக்கிட்டு அந்த வீட்டுல இருக்க முடியல. அதைப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியல" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து எட்டுக் கட்டுப் பிரித்து அடுக்கினோம்.

அறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நன்றாகப் படித்தவள். நான் அதே மூலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

தையல்காரி மாதம் தவறாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு வருகிறாள். முதல் மாதம் நடைபாதையில் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அடுத்த மாதம், "அந்தம்மா எங்கக்கா?" என்று கேட்டாள். பின்கட்டிடத்தில் இருக்கிறார் என்றேன். போய்ப் பார்க்கிறாயா என்றதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டாள். புருஷன் இப்போது உள்ளூர் வண்டிக்கு மாறிவிட்டாராம், பிள்ளையை அவரும் தூக்கிக்கொள்கிறாராம்.

மூன்றாவது மாதம் அவளே மாடி ஏறி எங்கள் அறை வாசலுக்கு வந்தாள். பிள்ளை தோளில்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். மூணாவது தடவை வந்தேன்ல, அன்னிக்கு நான் எந்திரிச்சப்ப, அந்தம்மா என் கையைப் பிடிச்சு மெதுவாச் சொன்னாங்கல்ல? வேண்டாம், உன்னால முடியாது, கலைச்சுடுன்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ராத்திரியில அது காதுல கேக்குது. அப்புறந்தான் தூக்கம் வருது. சொன்னாங்கதானே?"

தராசு எவர் கையையும் பிடித்ததில்லை. யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. தையல்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னாங்க" என்றேன்.

"நீங்களும் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

அவள் மூச்சை விட்டாள். பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அடுத்த மாசம் ஒம்போதாந் தேதி வர்றோம்க்கா. நீங்க இருப்பீங்கல்ல?" என்றாள்.

இருப்பேன் என்றேன்.